தெரியலீங்க்கா

கலிபோர்னியாவில், சன்னிவேலில் அந்தக் குடியிருப்புக்கு நாங்கள் குடிபோன முதல் வாரம், துணி துவைக்கும் பொது அறையில் அவளைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பவானி ஜமுக்காளம் ஒன்று என் கையில் இருந்தது. கனம் தாங்காமல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"இந்த மெஷின்ல ஜமுக்காளம் போடலாமா?" என்று கேட்டேன்.

அவள் ஜமுக்காளத்தைத் தொட்டுப் பார்த்தாள். இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "தெரியலீங்க்கா" என்றாள்.

தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும் ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஜமுக்காளத்தை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. முழங்கை வரை நனைந்த சட்டையோடு அவள் நின்றிருந்தாள்.

"போடலாமுங்க்கா. என்ற வீட்டு ஜமுக்காளத்தப் போட்டுப் பாத்தனுங்க. சாயம் போகலீங்க. ஆனா மெஷின் ஆடற ஆட்டத்துல செவுத்துகிட்டப் போயிருச்சு. யாராவது மேல ஏறி உக்காந்துக்கோணும்."

அன்று மாலை நாங்கள் இருவரும் அந்த இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே பேசினோம். கோபிச்செட்டிபாளையத்துக்காரி. விலங்கியல் முதுகலை. என்னைவிட ஆறேழு வயது இளையவள். கணவனுக்கு மென்பொருள் வேலை. அவன் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் அவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. "சும்மாதானுங்க்கா இருக்கறேன்" என்று சொன்னாள். சும்மா இருப்பவளாக நான் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் தெரியாது என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. லிவர்மோர் கோயிலில் பிரசாத வரிசையில் நின்றுபாருங்கள். கிரீன் கார்டு எப்போது வரும், வீட்டு விலை எப்போது இறங்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தால் எந்தக் கல்லூரி கிடைக்கும், எல்லாவற்றுக்கும் அங்கே பதில் உண்டு. புளியோதரை கைக்கு வருவதற்குள் மூன்று பேர் மூன்று விதமாகக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். ஒருமுறை ஒரு ஆன்ட்டி அவளிடம், "உங்களுக்கு கிரீன் கார்டு எப்பம்மா வரும்?" என்று கேட்டார்.

"தெரியலீங்க ஆன்ட்டி."

"உத்தேசமா?"

"உத்தேசமாவும் தெரியலீங்க."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"இப்போதைக்கு இந்தப் புளியோதரையத் திங்கப் போறனுங்க ஆன்ட்டி. நல்லா இருக்குதுங்க."

ஆன்ட்டி அதற்குப் பிறகு என்னைத் தனியாக அழைத்து, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது மனக்கஷ்டமா என்று விசாரித்தார்.

நான் அப்போது ஒரு நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜர். அந்த வேலையின் பாதி, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வது. மீட்டிங்கில் யாராவது கேள்வி கேட்டால் உடனே வாயைத் திறந்துவிட வேண்டும். திறந்த பிறகு வார்த்தை தானாக வரும். அதனால் அவளோடு பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. சமையலறையில் இருவரும் நிற்கும்போது நான் ஏதாவது அடித்துவிடுவேன். "அப்படிங்களா? எங்க படிச்சீங்க்கா?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்பாள். குற்றம் கண்டுபிடிக்கும் குரல் இல்லை அது. ஆனாலும் என் காது சிவந்துவிடும்.

இப்படிப்பட்டவள் சனிக்கிழமை தோறும் ஜெயிலுக்குப் போக ஆரம்பித்தாள்.

அல்கட்ராஸ் தீவைத்தான் சொல்கிறேன். சான் பிரான்சிஸ்கோ கரையில் நின்றால் தண்ணீருக்கு நடுவே ஒரு கப்பல் மாதிரித் தெரியும். முதலில் ராணுவத்தின் கோட்டை, பிறகு ராணுவச் சிறை, அதற்கும் பிறகு நாட்டின் மிகப் பெரிய கேடிகளை அடைத்த சிறை. அது மூடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. இப்போது உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் படகேறி வந்து கம்பிகளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் எல்லோரையும் நான் அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். சிறையைத் தவிர அங்கே வேறு ஒன்றும் உண்டு என்பது அவள் சொல்லித்தான் தெரியும்.

கைதிகளும் காவலர்களும் போனதும் பறவைகள் வந்துவிட்டன. கடற்காகங்களும் நீர்க்காகங்களும் கொக்குகளும் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றை எண்ணவும் கவனிக்கவும் தன்னார்வலர்கள் தேவைப்பட்டார்கள். சம்பளம் கிடையாது. சம்பளம் கிடையாது என்பதுதான் அவளுக்குத் தேவைப்பட்ட தகுதி. விடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்து நகரத்துக்குப் போய், ஊழியர்களின் படகில் ஏறித் தீவுக்குப் போவாள். சாயங்காலம் தலையிலும் தோளிலும் பறவை எச்சத்தோடு திரும்பி வருவாள். ரயிலில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்குமாம்.

"என்ற மாமியாகிட்டப் போன்ல சொன்னனுங்க்கா, வாரா வாரம் ஜெயிலுக்குப் போறன்னு. அவங்க அழுதுட்டாங்க. ஊர்ல யார்கிட்டயும் சொல்லீராதன்னாங்க."

"பறவை எண்ணப் போறேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னனுங்க்கா. அதுக்கு அப்பறந்தான் சாஸ்தியா அழுதாங்க. எம்மெஸ்ஸி படிச்சுப்போட்டு காக்கா எண்றியான்னு."

அந்த வருடம் என் மாமனார் மதுரையிலிருந்து வந்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் சிறைத் துறையில் இருந்து ஜெயிலராக ஓய்வு பெற்றவர். விமானத்திலிருந்து இறங்கிய அன்றே, "அந்தத் தீவு ஜெயிலப் பாக்கணும்த்தா" என்றார். மாமனாருக்கும் தெரியாது என்ற சொல்லுக்கும் ஆகாது. கோல்டன் கேட் பாலத்தின் செங்கல் நிறத்தில் இரும்புத்தூள் கலந்திருக்கிறது என்று பாலத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குச் சொன்னவர். இவர்கள் இருவரையும் ஒரே தீவில் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன்.

படகை விட்டு இறங்கிய இடத்திலேயே முதல் சம்பவம். தீவில் சாப்பிட அனுமதி படகுத்துறையில் மட்டும்தான். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தட்டை ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டு போனார். வெள்ளையாக ஏதோ பாய்ந்தது. கை மட்டும் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. பத்தடி தள்ளி ஒரு கடற்காகம் தட்டையைக் கல்லில் அடித்து உடைத்துக்கொண்டிருந்தது.

எங்களை வரவேற்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது காரம் திங்குமான்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியாம இருந்துச்சுங்க அங்கிள்" என்றாள். கடற்காகம் கடைசித் துண்டையும் விழுங்கியது. "இப்பத் தெரிஞ்சுருச்சுங்க."

மாமனார் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் கையிலிருந்து ஒருவனும் எதையும் பறித்ததில்லை என்றார்.

சிறைக்குள் அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி. அறையின் அகலத்தைக் கையால் முழம் போட்டார். பூட்டைத் தட்டிப் பார்த்தார். எங்கே காவலர் நின்றிருப்பார், எந்த மூலையில் கைதிகள் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று, மொழி புரியாமலேயே எங்களோடு ஒட்டிக்கொண்டது. மூன்று பேர் சுவரைக் குடைந்து, மழைக்கோட்டுகளை ஒட்டிப் படகு செய்து தப்பிப்போன அறைகளுக்கு முன்னால் வந்து நின்றோம்.

"அந்த மூணு பேரும் என்ன ஆனாங்க?" என்று நான் கேட்டேன்.

"செத்துத்தேன் போயிருப்பாய்ங்க" என்றார் மாமனார் உடனே. "இந்தக் குளிருல, இந்தத் தண்ணியில? கால் மணி நேரம் தாங்காது."

"தெரியலீங்க அங்கிள்" என்றாள் அவள்.

"ஏம்மா, நீ இங்கதான வேல பாக்குற?"

"ஆமாங்க. ஆனா கரையேறுனதையும் யாரும் பாக்கலீங்க, முழுகுனதையும் யாரும் பாக்கலீங்க. இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாதுங்க."

"அப்ப வர்றவுங்க கேட்டா என்னதேன் சொல்லுவ?"

"இதத்தானுங்க சொல்லுவேன். நெறையப் பேருக்குக் கோவம் வருமுங்க. டிக்கெட் எடுத்துட்டு வந்துருக்கறமேன்னு."

மாமனாருக்கும் கோபம்தான். வெளியே வந்து மேற்குப் பக்கம் போகும்வரை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அங்கே பாறைச் சரிவில் நூற்றுக்கணக்கான நீர்க்காகங்கள் கடற்பாசியால் கூடு கட்டி உட்கார்ந்திருந்தன. அவள் தொலைநோக்கியைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் திடீரென்று கத்தினார். "ஏய், ஏய்! அவன் திரும்புன நேரத்துல இவன் உருவுறான் பாரு!"

உண்மைதான். ஒரு நீர்க்காகம் பக்கத்துக் கூட்டிலிருந்து பாசியை உருவித் தன் கூட்டில் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தது.

"ஜெயில மூடுனாலும் திருட்டு நிக்கலயேம்மா" என்றார். அதோடு அவர் கோபம் போய்விட்டது.

திரும்பும் வழியில் ஒரு சரிவு முழுவதும் செடிகள். ரோஜா, அத்தி, பெயர் தெரியாத பூக்கள். அவற்றுக்குள்ளே கொக்குகள் கூடு கட்டியிருந்தன. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இது வெறும் பாறைதான். மண்ணே படகில் வந்தது, குடிதண்ணீரும் படகில் வந்தது. காவலர் குடும்பங்கள் இங்கேயே குடியிருந்தன, அவர்கள் தோட்டம் போட்டார்கள். கைதிகளும் போட்டார்கள். சிறை மூடிய பிறகு எத்தனையோ வருடம் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நிறையச் செத்துப்போயிற்று. சில பிழைத்துக்கொண்டு காடாக வளர்ந்தன. அந்தக் காட்டைத் தேடித்தான் கொக்கு வந்தது.

மாமனார் ஒரு அத்தி மரத்தைக் காட்டினார். "இது கைதி வச்சதா, காவக்காரன் வச்சதா?"

"தெரியலீங்க அங்கிள். சிலது யார் வெச்சதுன்னு எழுதி இருக்குதுங்க. இது தெரியலீங்க. பறவை போட்ட வெதையாக்கூட இருக்கலாமுங்க."

இந்த முறை அவர் ஏன் என்று கேட்கவில்லை. படகு கிளம்பி, தீவு பாதி அளவுக்குச் சிறுத்த பிறகு பழைய கதை ஒன்றைச் சொன்னார். அவர் பணியாற்றிய சிறையில் ஒரு ஆயுள் கைதி கத்தரிச்செடி போட்டிருந்தானாம். வேறு எங்கேயும் அப்படி ஒரு கத்தரிக்காயை அவர் தின்றதில்லையாம்.

"நான் செய்யலய்யான்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தான். எல்லாப் பயலும் சொல்றதுதானன்னு விட்டுட்டேன். உம் மாமியா கேப்பா, அவன் நெசமாவே செஞ்சானான்னு. செஞ்சான்டீன்னு அடிச்சுச் சொல்லிருவேன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கென்னத்தா தெரியும்?"

அரை மணி நேரத்தில் கரையில் இறங்கி நண்டுக் கடை ஒன்றைப் பார்த்ததும், நண்டை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் மறக்காமல் கேட்பார். "அந்தத் தெரியாதுப் பிள்ள எப்பிடி இருக்கு?"

தெரியாதுப் பிள்ளைக்கு அந்தத் தீவில் எல்லோரிடமும் நல்ல பெயர் என்று சொல்லிவிட முடியாது. கோடை முடியும்போது ஒரு பழைய சுவரைப் பழுது பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தச் சுவரில் கூடு எதுவும் மிச்சமில்லை என்று தன்னார்வலர்கள் பார்த்து எழுதிக்கொடுத்தால்தான் வேலை தொடங்கும். அன்று பார்க்கும் முறை இவளுடையது. சுவர் முழுவதையும் பார்த்தாள். ஒரு துருப்பிடித்த குழாய்க்குப் பின்னால் இருந்த பொந்து மட்டும் எங்கே நின்றாலும் கண்ணில் படவில்லை. தாளில் எல்லாக் கட்டத்திலும் 'காலி' என்று எழுதிவிட்டு, அந்த ஒன்றில் 'தெரியாது' என்று எழுதினாள்.

தன்னார்வலர்களை மேற்பார்வையிட்டவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எழுபது வயது அமெரிக்கப் பெண்மணி. அவர் கேட்டார், மற்ற எல்லாம் காலி, இந்தக் காலத்தில் இதுவும் காலியாகத்தானே இருக்கும், என்ன நினைக்கிறாய் என்று. நானும் காலி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பார்க்கவில்லை என்றாள் இவள். நீளமான ஏணி தீவில் இல்லை. மறுநாள் படகில் வர வேண்டும். ஆறு ஆட்கள் அன்று முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது அவர்களில் ஒருவன் அவளைப் பார்த்துக் கொக்கு மாதிரிக் கத்திவிட்டுப் போனானாம்.

அந்த இரவெல்லாம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பொந்தில் ஒரு குஞ்சாவது இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் மாலை வாசலிலேயே காத்திருந்து, "என்ன இருந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணுமே இல்லீங்க்கா. காலி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, அவங்க எல்லாம் என்ன சொன்னாங்க?"

"ஏணி மேல நின்னுட்டு ஒருத்தர் கைதட்டுனாருங்க. கிண்டலுக்குத்தான்." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் வீட்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். "எனக்கு நிம்மதியா இருக்குதுங்க்கா. நேத்துத் தெரியல, இன்னிக்குத் தெரியும். காப்பி வெக்கறீங்களா?"

அவளுக்கு வெற்றி, தோல்வி என்ற எண்ணமே அதில் இல்லை. குஞ்சு இருந்திருந்தாலும் இதே குரலில்தான் காப்பி கேட்டிருப்பாள்.

பிறகு ஒரு வழியாக அவளுக்கு வேலை செய்ய அனுமதி வந்தது. கட்டடம் கட்டும் இடங்களில் முன்கூட்டியே போய்ப் பறவைகளையும் விலங்குகளையும் கணக்கெடுக்கும் நிறுவனங்கள் இங்கே உண்டு. இரண்டு இடத்தில் நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான் என்பதால், நானே அவளைத் தயார் செய்வதாகச் சொன்னேன். சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

"ரூல் நம்பர் ஒன்" என்றேன். "தெரியாதுன்னு மட்டும் சொல்லக் கூடாது."

"தெரியலைன்னா?"

"டைம் வாங்கணும். 'தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்' அப்படின்னு ஆரம்பி. அதுக்குள்ள ஏதாவது தோணும். தோணினத சொல்லு."

"சரிங்க்கா."

"கேக்கறேன். இந்த ஏரியால ஆந்தை எத்தனை வகை இருக்கு?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் கண்ணைப் பார்த்தாள். "தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்" என்றாள், தெளிவான ஆங்கிலத்தில். ஒரு விநாடி விட்டாள். "ஐ டோன்ட் நோ."

இரண்டு பேரும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தோம். பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் ஓடி வந்து, "வாட் ஹாப்பண்ட்?" என்று கேட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிரித்தோம்.

"அடுத்தது. உன்னோட வீக்னஸ் என்ன?"

"தெரியலீங்க்கா. பக்கத்துல இருக்கறவங்களக் கேட்டாச் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க்கா, என்னங்க?"

முதல் நிறுவனம் அவளை எடுக்கவில்லை. இரண்டாவது நிறுவனத்தில் மூன்று தடவை தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். எடுத்துக்கொண்டார்கள்.

"எப்படி எடுத்தாங்க? ஏதாவது சொன்னாங்களா?" என்று குடைந்தேன்.

"ஏன்னு தெரியலீங்க்கா" என்றாள்.

அந்த வேலைதான் பின்னாளில் அவளை டெக்சாஸ் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று. அதெல்லாம் பிறகு. போவதற்கு முந்தைய வசந்த காலத்தில் எனக்கு ஒரு கட்டி வந்தது.

இடது மார்பில், கோலிக்குண்டு அளவுக்கு. ஊசி போட்டுச் சதையை எடுத்துக்கொண்டார்கள். முடிவு அடுத்த வாரம் வரும் என்றார்கள். "ஒண்ணும் இருக்காது, டென்ஷன் ஆகாத" என்றான் என் கணவன். நான் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் அவன் கம்ப்யூட்டரில் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தான். போனில் அம்மா, "என் பொண்ணுக்கு ஒண்ணும் வராது" என்றாள். அலுவலகத் தோழி, பத்தில் எட்டு ஒன்றுமில்லாமல்தான் போகும் என்றாள். அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எல்லோரும் இப்படி உறுதியாகச் சொல்லச் சொல்ல, நான் பயப்படுவதற்கு வீட்டில் இடமே இல்லாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டேன். "ஏதாவது இருக்குமா?"

"தெரியலீங்க்கா."

குழாயை மூடினேன். எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்கும்தானுங்க்கா."

அவள் துணியை எடுத்து, நான் கழுவிய பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். கடைசிக் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னாள். "நாளைக்குத் தீவுல கணக்கு எழுதறதுக்கு எனக்கு ஆள் இல்லீங்க்கா. வழக்கமா வர்றவருக்குக் காய்ச்சல். மேடத்துக்கிட்ட உங்களக் கேட்டு வெச்சுருக்கறேன். வரீங்களா? சும்மா உக்காந்து நான் சொல்றத எழுதோணும். பழைய மழைக்கோட்டு ஒண்ணு போட்டுக்கோங்க. எதுக்குன்னு போற வழியிலயே தெரிஞ்சுரும்."

எதற்கென்று படகை விட்டு இறங்கி ஐம்பது அடி நடப்பதற்குள் தெரிந்துவிட்டது. கடற்காகங்கள் குஞ்சு பொரித்திருக்கும் பாதையில் யார் போனாலும் தாய்ப்பறவைகள் பாய்ந்து வந்து தலையில் எச்சமிடும். என் தோளில் இரண்டு தடவை, நெற்றியில் ஒரு தடவை. "குறி தப்பாதுங்க்கா" என்று முன்னால் போனவள் திரும்பிச் சிரித்தாள். அவள் தொப்பி ஏற்கெனவே வெள்ளையாகிவிட்டிருந்தது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக நானும் சிரித்தேன்.

மேற்குச் சரிவுக்கு மேலே பலகையால் அடைத்த ஒரு மறைவிடம். அதிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக நீர்க்காகங்களைப் பார்க்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு வரி. எத்தனை பறவை, படகோ ஹெலிகாப்டரோ கிட்டே வந்ததா, வந்தால் எத்தனை பறவை எழுந்து பறந்தன. தொந்தரவு என்று ஒரு பத்தியே தனியாக இருந்தது. அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்களைச் சொன்னாள். நான் எழுதினேன். எண்களும் காற்றும் பறவைகளின் கரகரப்பும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை முழுசாக விட்டுச் சாப்பிடுவதைப் பார்த்தேன். மணி எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து சனிக்கிழமை கூப்பிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் வந்திருந்தேன். பதினொன்று அடித்துச் சில நிமிடம் ஆகியிருக்கும். மழைக்கோட்டுக்குள் போன் அதிர்ந்தது. எண்ணைப் பார்த்ததும் என்னால் எடுக்க முடியவில்லை. அவள் தொலைநோக்கியை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எடுத்தேன்.

மருத்துவர் நீளமாகப் பேசினார். எனக்கு இவ்வளவுதான் காதில் விழுந்தது. புற்று இல்லை. வெறும் கொழுப்புக் கட்டி. ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்.

"என்னங்க்கா? என்னங்க்கா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம்."

அவள் போட்ட கூச்சலில் மறைவிடத்தின் பலகையே அதிர்ந்தது. பறவைகளைக் கலைக்கக் கூடாது என்று எனக்குக் காலையில் மூன்று தடவை சொன்னவள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேர் மேலும் எச்ச நாற்றம். கட்டிக்கொண்டு அந்த மரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். கணவனுக்கு போன் செய்தேன், அவனும் அந்தப் பக்கம் அழுதான். அம்மாவுக்கு அங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும், அவளையும் எழுப்பினேன். எல்லாம் முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, தாளில் ஒரு வரி காலியாக இருந்தது.

"அச்சச்சோ" என்றேன். "முந்தின நம்பரையே போட்டுடலாமா? பறவையெல்லாம் அங்கேயேதானே இருக்கு?"

அவள் என்னிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். கண் இன்னும் சிவந்திருந்தது. யோசித்து யோசித்து, கட்டம் கட்டமாக நிரப்பினாள்.

மாலையில் படகுத்துறையில் அந்த ஆசிரியைப் பெண்மணி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எங்கள் தாளைப் படித்தார். பாதியில் நின்றார். மறுபடி படித்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அந்த வரியில் அவள் ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

தொந்தரவுக்குக் காரணம்: நல்ல செய்தி. பாதிக்கப்பட்டவர்கள்: பார்வையாளர்கள் இருவர். பறவைகள் எத்தனை எழுந்தன: தெரியாது.